ஏழைக்குக் கொடுப்பது இரக்கமா, திருப்பித் தரும் கடனா? – கத்தோலிக்கப் போதனை பற்றி ஓர் இழை

ஞானம்_எஸ் (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். திருத்தந்தை 14ஆம் லியோ எழுதிய ‘திலெக்ஸி தே’யை முழுவதும் படித்து முடித்தேன். 2025 அக்டோபர் 4, அசிசி பிரான்சிஸ் திருநாளன்று கையெழுத்தாகி 9ஆம் தேதி வெளிவந்த ஊக்கவுரை அது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் தம் கடைசி மாதங்களில் எழுதத் தொடங்கியதை, இவர் தம்முடையதாக ஏற்றுச் சில சிந்தனைகளைச் சேர்த்து வெளியிட்டிருக்கிறார். முழுக்க முழுக்க ஏழைகள் மீதான அன்பைப் பற்றியது.

படித்ததிலிருந்து ஒரு விஷயம் மனத்தை விட்டுப் போகவில்லை. அநீதியான கட்டமைப்புகளை மாற்ற வேண்டும் என்று ஒரு பக்கம் அழுத்திச் சொல்கிறது. கடைசிப் பகுதியிலோ, கையில் இருப்பதை எடுத்துக் கொடுக்கும் பழைய பழக்கத்தை விட்டுவிடாதீர்கள் என்கிறது. நம் மறையுரைகளில் இந்த இரண்டாவதை மட்டும்தான் அதிகம் கேட்டு வளர்ந்திருக்கிறோம். தவக்காலம் வந்தால் உண்டியல், கிறிஸ்துமஸ் வந்தால் துணிமணி.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திருச்சபையின் போதனையில் ஏழைக்குச் சேர வேண்டியது முதலில் கடன், அதற்குப் பிறகுதான் இரக்கம். 1967இல் திருத்தந்தை 6ஆம் பவுல் ‘மக்களின் முன்னேற்றம்’ சுற்றுமடலில் (திருத்தந்தை திருச்சபை முழுமைக்கும் எழுதும் போதனை மடல்) மிலான் ஆயர் புனித அம்புரோசை எடுத்தாள்கிறார்: நீ ஏழைக்குக் கொடுப்பது உன் சொத்து இல்லை, அவருடையதைத்தான் அவரிடம் திருப்பிக் கொடுக்கிறாய், பூமி எல்லாருக்கும் உரியது, பணக்காரருக்கு மட்டும் உரியதல்ல. உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் பொதுநிலையினரின் (குருக்களோ துறவியரோ அல்லாத விசுவாசிகளின்) பணி பற்றி எழுதியபோது இன்னும் தெளிவாகச் சொன்னது: நீதியின்படி கொடுத்தே ஆக வேண்டியதை அன்பளிப்பு போல நீட்டக் கூடாது, விளைவுகளை மட்டும் பார்க்காமல் காரணங்களையும் அகற்ற வேண்டும்.

இது உங்கள் பங்குகளில் (ஊர் ஆலயச் சமூகங்களில்), அமைப்புகளில் எப்படிப் புரிந்துகொள்ளப்படுகிறது? மாற்றுக் கருத்து இருந்தாலும் எழுதுங்கள்.


அகிலன்_வி

நான் கிறிஸ்தவன் இல்லை, ஆனால் இந்தத் தலைப்பில் அக்கறை உண்டு. நீங்கள் எடுத்துக்காட்டியவை மிகவும் வலுவான வரிகள். அதனால்தான் நேராகக் கேட்கிறேன். தங்கப் பாத்திரங்களும் பளிங்குப் பேராலயங்களும் வைத்திருக்கும் ஒரு நிறுவனம் இதைச் சொல்லும்போது ஓர் ஏழை அதை எப்படி நம்புவார்? உபதேசத்தில் குறை காண வரவில்லை. இந்த உபதேசம் தன்மீதும் பாயும் என்று திருச்சபை எங்காவது எழுதி வைத்திருக்கிறதா?


சகாயம்_டி

அகிலன், கேட்க வேண்டிய கேள்விதான். எழுதி வைத்திருக்கிறது. திருத்தந்தை 2ஆம் யோவான் பவுல் 1987 டிசம்பரில் எழுதிய ‘சமூக அக்கறை’ சுற்றுமடலின் 31ஆம் பத்தியைப் பாருங்கள். மக்கள் தேவையில் தவிக்கும்போது ஆலயத்தின் மிகையான அலங்காரங்களையும் விலை உயர்ந்த வழிபாட்டுப் பொருள்களையும் காப்பாற்றிக்கொண்டு இருக்க முடியாது. உணவும் உடையும் உறைவிடமும் கொடுக்க அவற்றை விற்பது கடமையாகவே ஆகலாம் என்கிறார். இது புதிதாக முளைத்த கருத்தும் இல்லை. அதே அம்புரோஸ் 4ஆம் நூற்றாண்டில் மிலானில் போர்க் கைதிகளை மீட்கப் பூசைப் பாத்திரங்களை உருக்கினார். குறை சொன்னவர்களுக்குப் பதிலும் எழுதினார். கி.பி. 258இல் ரோமில் கொல்லப்பட்ட திருத்தொண்டர் லாரன்ஸ், திருச்சபையின் செல்வத்தைக் கொண்டுவா என்று அதிகாரி கேட்டபோது ஏழைகளைக் கூட்டிவந்து நிறுத்தினார் என்பது வழிவழியாக வரும் செய்தி.

இன்னொன்று பலருக்கும் தெரியாது. 1965 நவம்பர் 16 அன்று, சங்கம் முடியச் சில வாரங்களே இருந்தபோது, சுமார் 40 ஆயர்கள் ரோமில் தொமித்தில்லா நிலத்தடிக் கல்லறையில் கூடித் திருப்பலி நிறைவேற்றி ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். வீடு, உணவு, பயணம் எல்லாவற்றிலும் சாதாரண மக்களைப் போல வாழ்வோம். பொன், வெள்ளிச் சின்னங்கள் வேண்டாம். பெரிய பட்டங்களால் எங்களை அழைக்க வேண்டாம். எங்கள் பெயரில் சொத்தும் வங்கிக் கணக்கும் வைத்துக்கொள்ள மாட்டோம். இப்படிப் போகிறது அந்த உடன்படிக்கை.

ஆனால் சங்கத்தில் 2000க்கும் மேற்பட்ட ஆயர்கள் இருந்தார்கள். அன்று கல்லறைக்குப் போனவர்கள் 40 பேர். உங்கள் கேள்விக்கான நேர்மையான பதில் இந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் இருக்கிறது. எழுதப்பட்டது உண்மை, அதன்படி வாழ்ந்தவர்களும் உண்மை, அவர்கள் சிலராக இருந்தார்கள் என்பதும் உண்மை.


ரவி_பொருளியல்

ஞானம் அண்ணா சொல்வதில் எனக்குப் பாதி உடன்பாடு. மீதிப் பாதியைச் சொல்கிறேன்.

‘கடன்’, ‘திருப்பிக் கொடுத்தல்’ என்று மட்டும் பேசினால், செல்வம் ஏற்கெனவே குவிந்து கிடக்கிறது, அதைப் பிரிப்பதுதான் நம் வேலை என்ற எண்ணம் வந்துவிடுகிறது. செல்வத்தை யாரோ உழைத்து, துணிந்து முதல் போட்டு உண்டாக்க வேண்டும். 1991இல் 2ஆம் யோவான் பவுல் ‘நூறாவது ஆண்டு’ சுற்றுமடலில் இதை ஒப்புக்கொள்கிறார். தொழில்முனைவோர், சந்தை, தனியுடைமை, மனிதரின் படைப்புத் திறன் இவற்றின் நற்பங்கை ஏற்கும் பொருளாதாரம் என்றால் சரி என்கிறார். அதே மடலில், எல்லாவற்றையும் தானே செய்ய முனையும் அரசு மக்களின் சொந்த ஆற்றலை மழுங்கடித்து அலுவலகங்களைப் பெருக்கிவிடும் என்றும் எச்சரிக்கிறார். அருகில் இருப்பவர்தான் தேவையை நன்றாகப் புரிந்துகொள்வார் என்கிறார். 11ஆம் பயஸ் 1931இல் சொன்ன துணைமைக் கோட்பாடும் இதுதான்: கீழ்நிலையில் இருப்பவர்கள் தாங்களே செய்யக்கூடியதை மேலே இருப்பவர்கள் பறித்துக்கொள்ளக் கூடாது.

பசித்தவரின் நிரந்தரத் தீர்வு வேலை. ‘திலெக்ஸி தே’யும் அதை மறுக்கவில்லை. ஏழைக்குச் செய்யக்கூடிய மிக முக்கியமான உதவி, நல்ல வேலை ஒன்று கிடைக்கச் செய்வது என்றுதான் சொல்கிறது.


ஞானம்_எஸ்

ரவி தம்பி, வேலை என்ற இடத்தில் நாம் இருவரும் ஒன்றுதான். நீங்கள் காட்டிய 1991 மடலையே இன்னும் கொஞ்சம் படிப்போம். பொருளாதாரச் சுதந்திரத்துக்கு உறுதியான சட்ட வரம்பு இல்லாவிட்டால், மனித விடுதலை முழுமைக்கும் அது பணிசெய்யாவிட்டால், பதில் ‘சரியில்லை’ என்று அதே பத்தியில் எழுதுகிறார். சந்தையில் இடமே இல்லாத மனிதத் தேவைகள் பல உண்டு என்றும் சொல்கிறார். காசு இருந்தால்தானே சந்தை ஒருவரைத் திரும்பிப் பார்க்கும்?

வேலை கொடுத்தால் போதுமா என்ற கேள்விக்கு 1891 மே 15இலேயே பதில் வந்துவிட்டது. 13ஆம் லியோவின் ‘புதியன’ சுற்றுமடல் தனியுடைமை உரிமையை உறுதியாகக் காக்கிறது, சோசலிசத்தை மறுக்கிறது. அதனால் அதை இடதுசாரி ஆவணம் என்று யாரும் ஒதுக்க முடியாது. அதில் கூலி பற்றி வரும் இடத்தை நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். முதலாளியும் தொழிலாளியும் சம்மதித்துவிட்டார்கள், ஆகவே கூலி நியாயமானது என்ற வாதத்தை லியோ ஏற்கவில்லை. சிக்கனமாக வாழும் ஒரு தொழிலாளி உயிர் வாழப் போதுமானதாகக் கூலி இருக்க வேண்டும் என்பது எந்த ஒப்பந்தத்துக்கும் மேலான இயற்கை நீதி. வேறு வழியில்லாமல், இதைவிட மோசமாகிவிடுமோ என்ற பயத்தில் குறைந்த கூலிக்கு ஒருவர் சம்மதித்தால் அவர் வன்முறைக்கும் அநீதிக்கும் பலியாகிறார் என்று எழுதுகிறார். சம்மதத்துக்கு உள்ளே ஒளிந்திருக்கும் பலவந்தத்தை 1891இலேயே பார்த்த கண் அது. 2025இல் தேர்ந்தெடுக்கப்பட்ட திருத்தந்தை அதே பெயரை எடுத்ததற்கு அந்தச் சுற்றுமடலையே முக்கியக் காரணமாகச் சொன்னார்.

அடுத்து, மேல்தட்டு வளர்ந்தால் கீழே தானாகச் சொட்டும் என்ற நம்பிக்கை. அனுபவத்தில் அது ஒருபோதும் உறுதிப்படவில்லை என்று 2013இல் பிரான்சிஸ் ‘நற்செய்தியின் மகிழ்ச்சி’யில் எழுதினார். வீடற்ற முதியவர் ஒருவர் குளிரில் இறந்தால் செய்தி ஆகவில்லை, பங்குச்சந்தை இரண்டு புள்ளி சரிந்தால் செய்தி ஆகிறது, இது எப்படி என்று கேட்டதும் அங்கேதான்.


மதி_ஆர்

ஆவணங்களை வரிசையாகச் சொல்கிறீர்கள், நல்லது. ஆனால் ரோமில் உட்கார்ந்து யாரோ யோசித்து எழுதியதால் மட்டும் இந்தப் போதனை வளரவில்லை. இலத்தீன் அமெரிக்காவின் எளிய மக்கள்தான் இதை மேலே தள்ளினார்கள்.

1968இல் கொலம்பியாவின் மெதெய்யினில் ஆயர்கள் கூடியபோது வறுமையை மூன்றாகப் பிரித்துப் பார்த்தார்கள். வாழ்வுக்குத் தேவையானது இல்லாத வறுமை: அது தீமை, கடவுளின் விருப்பத்துக்கு எதிரானது. உள்ளத்தின் வறுமை: கடவுளை நோக்கித் திறந்திருப்பது. மூன்றாவது, ஏழைகளோடு ஒன்றித்து நின்று அந்தத் தீமையை எதிர்ப்பதற்காக ஒருவர் தாமே ஏற்கும் எளிமை. இந்தப் பிரிவினை இல்லாததால்தான், பட்டினி கிடப்பவரிடம் ‘ஏழையரின் உள்ளத்தோர் பேறுபெற்றோர்’ என்று ஆறுதல் சொல்லும் கொடுமை காலங்காலமாக நடந்தது. பெருவின் குரு குஸ்தாவோ குத்தியேரஸ் 1971இல் இதையெல்லாம் விடுதலை இறையியலாக, அதாவது ஏழைகளின் விடுதலையை மையமாக வைத்து விசுவாசத்தைச் சிந்திக்கும் இறையியலாக, வார்த்தார். 1979இல் மெக்சிகோவின் புயெப்லாவில் ‘ஏழைகளுக்கு முன்னுரிமை’ என்பது ஆயர்களின் அதிகாரபூர்வ நிலைப்பாடாகவே ஆனது. அடுத்த ஆண்டு மார்ச் 24 அன்று சான் சால்வதோர் பேராயர் ஆஸ்கர் ரொமேரோவைத் திருப்பலி மேடையிலேயே சுட்டுக் கொன்றார்கள். அவருக்குப் புனிதர் பட்டம் கிடைக்க 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இடையில் என்ன நடந்தது என்பதையும் சொல்லுங்கள். 1984இல் கர்தினால் ராட்சிங்கர் (பின்னாளில் திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட்) தலைமையிலான வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் விடுதலை இறையியலின் சில போக்குகளைக் கண்டித்து ஓர் அறிவுரை வெளியிட்டது. மறு ஆண்டு பிரேசிலின் விடுதலை இறையியலாளர் லெயொனார்தோ போஃபை ஓராண்டு மௌனமாக இருக்கச் சொன்னார்கள். ஏழைகளின் பக்கம் நின்றவர்களுக்குக் கிடைத்த வரவேற்பு அது. இதை விட்டுவிட்டுப் போதனையின் பெருமையை மட்டும் பேசுவது சரியாகாது.


சகாயம்_டி

மதி, அந்தக் காலத்தின் வலியை யாரும் மறுக்க முடியாது. ஆனால் 1984 அறிவுரையின் முன்னுரையைப் படித்தீர்களா? மார்க்சியப் பகுப்பாய்வைக் கேள்வி கேட்காமல் கடன் வாங்குவதைத்தான் அது எதிர்த்தது. வறுமையையும் அநீதியையும் கண்டும் நடுநிலை, அலட்சியம் என்று ஒதுங்கி நிற்பவர்கள் இந்த எச்சரிக்கையைச் சாக்காகப் பயன்படுத்தக் கூடாது என்று அங்கேயே எழுதியிருக்கிறது. அப்படியும் பலர் அதைச் சாக்காகத்தான் பயன்படுத்தினார்கள், அது வேறு. 1986 ஏப்ரலில் 2ஆம் யோவான் பவுல் பிரேசில் ஆயர்களுக்கு எழுதிய கடிதத்தில், விடுதலை இறையியல் காலத்துக்கு ஏற்றது மட்டுமல்ல, பயனுள்ளது, தேவையானது என்றார்.

அடுத்த ஆண்டு அவரே ‘பாவத்தின் கட்டமைப்புகள்’ என்ற சிந்தனையைச் சுற்றுமடலில் விரிவாக எழுதினார். ஒன்றிப்பு என்பது மங்கலான பரிதாப உணர்ச்சி இல்லை, எல்லாரின் நலனுக்காகவும் உழைப்பேன் என்ற விடாப்பிடியான உறுதி என்று விளக்கியதும் அதில்தான். தெற்கிலிருந்து எழுந்த குரல் உரசலோடும் தாமதத்தோடும் ரோமின் மொழிக்குள் வந்து சேர்ந்தது என்றுதான் நான் பார்க்கிறேன். இன்று திருத்தந்தையாக இருப்பவரே பெருவில் பல ஆண்டுகள் மறைப்பணியாளராகவும் ஆயராகவும் இருந்தவர்.


ஜெரால்டு_87

ஒரு சின்னக் கேள்வி. “ஏழைகள் எப்போதும் உங்களோடு இருக்கிறார்கள்” என்று இயேசுவே சொல்லிவிட்டாரே, வறுமையை ஒழிக்கப் போகிறோம் என்பது வீண் முயற்சி இல்லையா என்று எங்கள் விவிலியக் குழுவில் ஒருவர் கேட்டார். எப்படிப் பதில் சொல்வது?


ஞானம்_எஸ்

ஜெரால்டு, அந்த வரி பழைய ஏற்பாட்டின் இணைச்சட்ட நூல் 15:11இலிருந்து வருகிறது. அங்கே அதற்கு அடுத்த வாக்கியமே கட்டளை: நாட்டில் ஏழைகள் இல்லாமல் போக மாட்டார்கள், ஆகவே உன் கையைத் தாராளமாகத் திற. அந்த அதிகாரத்தின் முதல் பகுதி ஏழாண்டுக்கு ஒருமுறை கடனைத் தள்ளுபடி செய்யும் சட்டம். அதே அதிகாரத்தின் 4ஆம் வசனம், உங்கள் நடுவே ஏழை இருக்கவே கூடாது என்கிறது. இயேசுவின் சொல்லைக் கேட்டவர்கள் இந்தச் சட்டத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள். உங்கள் குழுவில் அந்த அதிகாரத்தை முழுதாக வாசித்தாலே போதும்.


பிலோமினா_வி

கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் வின்சென்ட் தே பவுல் சபையில் பல வருடமாக இருக்கிறேன். 1833இல் பாரிசில் பிரெடெரிக் ஓசனாமும் சில மாணவர்களும் தொடங்கிய சபை. அப்போது அவருக்கு 20 வயது. எங்கள் வேலையின் மையம் வீடு சந்திப்பு, அதாவது ஏழைகளின் வீடுகளுக்கே போய்ப் பார்ப்பது. இருவர் இருவராகப் போவோம்.

நீங்கள் எல்லாரும் நீதி நீதி என்கிறீர்கள். முழுக்க ஏற்கிறேன். ஆனால் தர்மத்தைத் தாழ்த்திப் பேசும்போது எனக்கு மனம் வலிக்கிறது. படுத்த படுக்கையாக இருக்கும் ஒரு விதவைத் தாயிடம், கட்டமைப்பு மாறட்டும் அம்மா, அதுவரை பொறுங்கள் என்று நான் எப்படிச் சொல்வது? 16ஆம் பெனடிக்ட் 2005இல் எழுதியதை நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன்: எவ்வளவு நீதியான சமுதாயம் வந்தாலும் அன்புப் பணி தேவையில்லாமல் போகாது. துன்பமும் தனிமையும் எந்தச் சட்டத்தாலும் தீராது. அந்த உதவியை மதம் மாற்றும் கருவியாக்கக் கூடாது, அன்பு இலவசமானது என்றும் அதே மடலில் சொல்லியிருக்கிறார்.

நாங்கள் போகும் வீடுகளில் பலருக்குப் பொருளைவிட அதிகம் குறைவாக இருப்பது, யாராவது உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்பதுதான். பையைக் கொடுத்துவிட்டு வாசலிலேயே திரும்பினால் முகம் வாடிவிடும். உட்கார்ந்தால் பேசுவார்கள், பிள்ளைகளைப் பற்றி, பழைய நாட்களைப் பற்றி. நமக்காக மன்றாடுவார்கள், அதையும் நான் பார்த்திருக்கிறேன். பிரான்சிஸ் ‘நற்செய்தியின் மகிழ்ச்சி’யில் இதைத்தான் சொன்னார்: செயல்திட்டங்களுக்கு முன்னால் அன்பான கவனம் வேண்டும். ஏழைகள் அனுபவிக்கும் மிக மோசமான பாகுபாடு ஆன்மீக அக்கறை இல்லாமைதான் என்று அதற்கடுத்த பத்தியில் எழுதினார். அந்த வரியை மேற்கோள் காட்டுகிறவர்கள் குறைவு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உதவி கொடுக்கும்போது புகைப்படம் எடுக்கும் பழக்கம் இப்போது எல்லா இடத்திலும் பரவிவிட்டது. ஒருமுறை ஓர் அமைப்பின் நிகழ்ச்சியில், படம் சரியாக வரவில்லை என்று ஒரு பெரியவரை மறுபடியும் கை நீட்டி வாங்கச் சொன்னார்கள். அவர் தலை குனிந்தபடி வந்து வாங்கினார். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. அவர் பெற்றதைவிட அவரிடமிருந்து எடுத்தது அதிகம்.


அகிலன்_வி

பிலோமினா அக்கா, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். கடைசிப் பத்தி எல்லா மதத்தவருக்கும் அமைப்புக்கும் பொருந்தும். ஒரு சந்தேகம் கேட்கலாமா? கொடுப்பதைக் குடித்துத் தீர்க்கிறவர்கள், உழைக்க மனமில்லாதவர்கள் என்று சிலர் இருக்கத்தானே செய்கிறார்கள்? தகுதி பார்க்க மாட்டீர்களா?


பிலோமினா_வி

பார்ப்போம், தம்பி. என்ன தேவை என்று பார்ப்போம். பணத்துக்குப் பதில் மருந்தாக, பள்ளிக் கட்டணமாகக் கொடுப்போம். ஆனால் இவர் நல்லவரா என்ற விசாரணை எங்கள் வேலை இல்லை. புனித யோவான் கிறிசோஸ்தோம், பணக்காரரும் இலாசரும் உவமை பற்றிய மறையுரையில், ஏழைக்கு இருக்கும் ஒரே பரிந்துரை அவருடைய தேவைதான், அதற்கு மேல் அவரிடம் எதையும் கேட்காதே என்கிறார். ‘திலெக்ஸி தே’யும் ஏழைகள் தற்செயலாகவோ குருட்டு விதியாலோ ஏழைகளாக இல்லை, பெரும்பாலோர்க்கு வறுமை அவர்கள் தேர்ந்தெடுத்ததும் இல்லை என்று சொல்கிறது. விடியுமுன் எழுந்து குப்பையில் அட்டை பொறுக்குகிறவரை உழைக்காதவர் என்று யார் சொல்ல முடியும்?


ரவி_பொருளியல்

அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். அட்டை பொறுக்குகிறவர்களை பிரான்சிஸ் வெறும் உதாரணமாக வைத்திருக்கவில்லை. 2014 அக்டோபரில் குப்பை சேகரிப்போர், நிலமற்ற விவசாயிகள், தெரு வியாபாரிகள் ஆகியோரின் இயக்கங்களை வத்திக்கானுக்கே அழைத்துப் பேசினார். நிலம், வீடு, வேலை ஆகிய மூன்றும் புனித உரிமைகள் என்றார். மறு ஆண்டு பொலிவியாவிலும் அவர்களைச் சந்தித்தார். ஏழைகள் உதவி பெறும் கூட்டமாக மட்டும் இல்லாமல், தங்கள் தீர்வைத் தாங்களே உண்டாக்குகிறவர்கள் ஆகிறார்கள். நான் சொன்ன துணைமைக் கோட்பாட்டின் உண்மையான முகம் இது என்பேன். ஞானம் அண்ணா சொன்ன கூலி வாதத்தையும் ஏற்கிறேன். சந்தை வேண்டும் என்பதால் எந்தக் கூலியும் சரி என்று ஆகிவிடாது.


மதி_ஆர்

ரவியோடு உடன்படுவேன் என்று நினைக்கவில்லை! இந்த இடத்தில் உடன்படுகிறேன். ஆனால் கூலி என்ற பேச்சு வந்த பிறகு நம் வீட்டுக்குள்ளேயே பார்க்க வேண்டும். ஆலயத்தைக் கூட்டுகிறவர், பங்கு இல்லத்தில் சமைக்கிறவர், ஆலய வேலைகளைக் கவனிக்கும் கோயில்பிள்ளை, நம் பள்ளிகளில் தற்காலிகமாக ஆண்டுக்கணக்கில் பாடம் நடத்தும் ஆசிரியை. இவர்களுக்கு என்ன கொடுக்கிறோம்? ‘சேவை மனப்பான்மை’ என்று சொல்லிக் குறைத்துக் கொடுக்கிற இடங்களை நான் அறிவேன். 1891 மடல் சொன்ன அதே கட்டாயச் சம்மதம் அங்கேயும் இருக்கிறது.


சகாயம்_டி

மதி, இது வெறும் அறிவுரையும் இல்லை, சட்டம். 1983 திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1286ஆம் விதி, சொத்துகளை நிர்வகிப்போர் தொழிலாளர் பற்றிய நாட்டுச் சட்டங்களைத் திருச்சபையின் கொள்கைகளுக்கு ஏற்பக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும் என்கிறது. வேலை செய்பவர்கள் தங்களையும் தங்கள் குடும்பத்தையும் தக்கபடி காப்பாற்றிக்கொள்ளும் அளவுக்கு நியாயமான கூலி கொடுக்க வேண்டும் என்றும் அங்கேயே இருக்கிறது. 222ஆம் விதியின் இரண்டாம் பிரிவு, சமூக நீதியை வளர்ப்பதும் சொந்த வருவாயிலிருந்து ஏழைகளுக்கு உதவுவதும் எல்லா விசுவாசிகளின் கடமை என்கிறது. இரண்டும் ஒரே வாக்கியத்தில்! ஞானம் அண்ணாவும் பிலோமினா அக்காவும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

1971 ஆயர் மாமன்றம் ‘உலகில் நீதி’ என்ற ஆவணத்தில், நீதியைப் பற்றிப் பேசத் துணிகிறவர் முதலில் மக்களின் கண்களில் நீதியாளராக இருக்க வேண்டும் என்றது. திருச்சபைக்காக உழைப்பவர்களின் ஊதியமும் சமூகப் பாதுகாப்பும் அந்த இடத்தில்தான் பேசப்படுகிறது.


ஞானம்_எஸ்

சகாயம், 1286ஆம் விதியை எங்கள் பங்கின் நிதிக்குழுவில் யாரும் எடுத்துப் பேசி நான் கேட்டதில்லை. அடுத்த கூட்டத்தில் வரவுசெலவு வைக்கும்போது அந்த விதியையும் 1971 ஆவணத்தின் அந்தப் பகுதியையும் நகலெடுத்து ஒவ்வொருவர் கையிலும் கொடுக்கப் போகிறேன். ஊழியர் ஊதியம் என்று தனித் தலைப்பு கேட்கப் போகிறேன். உலக வறியோர் நாளுக்கு (2017இலிருந்து பொதுக்காலம் 33ஆம் ஞாயிறு) அன்னதானத்துக்கு எப்போதும் பணம் ஒதுக்குகிறோம். அது தொடரட்டும். ஆனால் அன்று பந்தி பரிமாறி, இலை எடுத்து, தரையைக் கழுவுகிறவருக்கு அந்த மாதச் சம்பளம் போதுமானதாக இருக்கிறதா என்பதை அதே கூட்டத்தில் கேட்க வேண்டும்.

பிலோமினா அக்கா, புகைப்படம் வேண்டாம் என்பதையும் ஒரு தீர்மானமாக வைக்கலாமா? உங்கள் சபையில் இதற்கு ஏதாவது விதி எழுதி வைத்திருந்தால் அனுப்புங்கள்.


பிலோமினா_வி

அனுப்புகிறேன், தம்பி. எங்கள் குழுவில் யார் வீட்டுக்குப் போனோம் என்பதையே வெளியே சொல்லக் கூடாது என்று வைத்திருக்கிறோம், படம் எடுப்பது அதற்குள்ளேயே அடங்கிவிடும். இன்னொன்று: ஊதியத்தைப் பற்றிப் பேசும் கூட்டத்துக்கு அந்த ஊழியர்களையும் கூப்பிடுங்கள். அவர்களுக்கு எவ்வளவு போதும் என்று நாம் நமக்குள் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டாம்.